வரிசை எண் ஐந்து

வந்திருந்தவர்கள்: பூக்கார அம்மா, சங்கத் தலைவரான சாவிக்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர், டெய்லரான என் அப்பா, வெற்றிலை, செருப்பு, பத்திரிகை, கடலை ஆகிய கடைகளுக்கு உரிய நால்வர். கடை இல்லாதவர்கள் இருவர்: செயலாளர் என்ற முறையில் கடிகாரக்காரரின் மனைவி, துணைச் செயலாளர் என்ற முறையில் நான்.

வராதவர்கள் இருவர்: குடை ரிப்பேர்காரர், எங்கள் புரவலர்.

எங்கள் செயலாளர் கூட்டக் குறிப்பை இப்படித்தான் தொடங்குவார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கும் இப்படித்தான் வருகிறது. வேறு மாதிரி தொடங்கினால் எங்கிருந்தோ ஒரு ஸ்கேல் நீண்டு வந்து என் தாளின் இடது ஓரத்தை அளக்கும் என்று இன்றைக்கும் ஒரு பயம்.

"வராதவங்க பேரைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுங்க தம்பி. அஞ்சு எழுத்து இடம் விட்டு" என்பார்.

"ஏன் ஆண்ட்டி?"

"அவங்க தள்ளித்தானே இருக்காங்க?"

இதைச் சிரிக்காமல் சொல்வார். அவர் சிரிக்காததால் நானும் சிரித்ததில்லை. அஞ்சு எழுத்து இடம் விட்டுத்தான் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எதற்கு என்றால், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் எங்கள் சந்து முழுவதையும் இடிக்கப்போகிறார்கள். கடைவீடுகளின் அஞ்சடி நடைபாதையில் ஒன்பது பேர் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்பது பேருக்கும் தேக்காவுக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இடம் தருவதாக அரசாங்க இலாகாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. இடம் வேண்டாதவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகலாம். யார் யாருக்கு இடம், யாருக்குத் தொகை என்று பட்டியல் போட்டுச் சங்கமே ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். புதன்கிழமை கடைசி நாள்.

என் அப்பாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. ஒரு மிதி மெஷின், ஒரு ஸ்டூல், அளவு நாடா, சாக்கட்டி. கால்சட்டையின் இடுப்பைப் பிடிப்பது, விடுவது, கீழ் மடிப்பைக் குறைப்பது. இது தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது. அந்த அஞ்சடியில் உட்கார்ந்துதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்ற இடத்துக்குள் வியர்வையில் நனையாத சட்டையோடு போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் போனவர் என் சித்தப்பா. அவர் கூரைக்கு ஓடு மாற்றப் போனார். அப்பாவுக்கு இடம் கிடைக்காவிட்டால் ஜூரோங்கில் ஏதாவது தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்காரவேண்டும். அதை அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க மெஷினுக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே விட்டார்.

இனி செயலாளர்.

ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமை டைப்பிஸ்ட். வார நாளில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, சட்டை, ஞாயிற்றுக்கிழமை சேலை. தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக எங்கள் சந்துக்கு வருவார், ஜெபப் புத்தகமும் கூட்டக் குறிப்பேடும் ஒரே பையில். இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்தவர் என்பதற்காகவே அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். சந்து முழுக்க அவருக்கு செக்ரட்டரியம்மா என்றே பெயர். கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

பேச்சிலேயே அவருக்கு எண் வரும். ஒரு நாள் மத்தியானம் கணவர் கடை முன்னால் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல்:

"ஒண்ணு, காலையில எடுத்து வெச்ச சோத்தை எடுத்துக்கிட்டுப் போகல. ரெண்டு, எடுத்துக்கிட்டுப் போகலன்னு போன் பண்ணல. ரெண்டு ஏ, போன் பக்கத்துக் கோப்பிக்கடையிலேயே இருக்கு. ரெண்டு பி, பத்துக் காசும் பையில இருக்கு."

கடிகாரக்காரர் கண்ணில் பொருத்திய பூதக் கண்ணாடியை எடுக்காமலே, "மூணு இருக்கா?" என்றார்.

"இருக்கு. வீட்டுல."

அவ்வளவுதான். சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த அப்பா ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியாமல் தவித்தார்.

தேக்கா ஈரச்சந்தைக்கு அவர் கொண்டுபோகும் சாமான் பட்டியலை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். காய்கறி என்று அடிக்கோடிட்ட தலைப்பு. அதற்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, வெண்டைக்காய், கத்தரிக்காய். கத்தரிக்காய்க்குக் கீழே, இன்னும் உள்ளே தள்ளி, சின்னதாக: ஊதா நிறம் மட்டும். மீன்காரர் ஒரு நாள் இறால் மலிவாக இருக்கிறது, அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். பட்டியலில் இறால் இல்லை. இவர் வேண்டாம் என்று நகர்ந்தார். கறிக்கடை ஓரமாக நின்று பேனாவை எடுத்தார். மீன் என்ற தலைப்பின் கீழ், சரியான இடம் விட்டு, இறால் என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். பிறகு திரும்பி வந்து வாங்கினார். அதற்குள் மலிவானது தீர்ந்து போயிருந்தது. அதிக விலைக்கு வாங்கினார். முகத்தில் வருத்தம் இல்லை; முறைப்படி நடந்தது என்ற நிம்மதி இருந்தது.

இப்படிப்பட்டவரைக் கேலி செய்வது எளிது. சந்தில் எல்லோரும் செய்தோம். "செக்ரட்டரியம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனா சாமியாருக்கு ஒரு கார்பன் காப்பி கொடுத்திட்டுத்தான் ஆரம்பிப்பாங்க" என்பார் சாவிக்காரர். ஆனால் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு நான் கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பெரியவர் இறந்துபோனார். நாற்பதாம் நாள் நினைவு அட்டைக்குக் குடும்பத்தார் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு இவரை வீட்டுக்கு அழைத்தார்கள்; நானும் கூடப் போனேன். இடது பக்கம் மகன்கள் மூன்று, வலது பக்கம் மகள்கள் இரண்டு. தாளை மேசையில் வைத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"பக்கம் சாயுது" என்றார்.

மூத்த மகனுக்குப் புரியவில்லை. "என்ன சாயுது?"

"இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ரெண்டு. இப்படி அடிச்சா அட்டை கோணலாத் தெரியும் லா. யாரோ ஒருத்தர் விட்டுப்போன மாதிரி இருக்கும்."

யாரோ ஒருவர் விட்டுத்தான் போயிருந்தார். வேறு இனத்தில் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஆறு வருடமாக வீட்டில் பெயர் சொல்லாத ஒரு மகள். மூத்த மகன் சுவரைப் பார்த்தார். இளையவர் தரையைப் பார்த்தார். இவர் பென்சிலைத் தாளின் காலி இடத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மாவே, பெரியவரின் மனைவி, உள்ளேயிருந்து வந்து பெயரைச் சொன்னார். இவர் எழுதினார். "இப்போ சரியா நிக்குது" என்றார், அவ்வளவுதான்.

தெரிந்து செய்தாரா, நிஜமாகவே பக்கம் சாய்ந்ததுதான் அவர் கவலையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "மூணுக்கு மூணு" என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்த மனுஷி கையில்தான் ஒரு வேர்ட் பிராசஸர் வந்து சேர்ந்தது.

அலுவலகத்தில் வாங்கிய முதல் மெஷின். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அது வந்த வாரம் கூட்டத்தில் முதல் பொருளே அதுதான். "இனிமே அழிரப்பர் கிடையாது. வெள்ளை மை கிடையாது. ஒரு பத்தியைத் தூக்கி வேற இடத்துல வைக்கலாம். ஓரத்தை எங்க வேணும்னாலும் நிறுத்தலாம். லிஸ்ட் போட்டா மெஷினே நம்பர் போடும். நடுவுல ஒருத்தரை நுழைச்சா, மிச்ச பேரோட நம்பரை அதுவே மாத்திக்கும்."

"யாரையும் கேக்காமலா?" என்றார் பூக்கார அம்மா.

"யாரையும் கேக்காம."

எங்கள் சங்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாட்களுக்குப் புரியாது. வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதில் பேச்சு வார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. இந்தக் கடிதத்துக்குமே பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று முக்கால் மணி நேரம் போனது. தலைவர் என்பதால் தனக்கு முதல் இடம் என்றார் சாவிக்காரர். சந்தில் முதலில் கடை போட்டது தானே என்றார் பூக்கார அம்மா. வெற்றிலைக்காரர் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எட்டாவதாக இருக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். கடைசியில் செயலாளர்தான் தீர்த்து வைத்தார்: பெரிய சாலையிலிருந்து உள்ளே வந்தால் எந்தக் கடை முதலில் வருகிறதோ அது ஒன்று. கல்லும் மண்ணும் போட்ட வரிசை. யார் மேலும் கோபப்பட முடியாது. பூக்கார அம்மா ஒன்று, சாவிக்காரர் இரண்டு, கடிகாரக்காரர் மூன்று, அப்பா நான்கு, குடைக்காரர் ஐந்து. அப்படியே ஒன்பது வரை.

குடைக்காரர் இடம் வேண்டாம், தொகை போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று இருந்தார். ஆகவே கடிதத்தின் ஆறாவது பத்தி இப்படி: வரிசை எண் ஐந்தில் உள்ள குடை ரிப்பேர்காரர் இடத்தை விட்டுக்கொடுத்துத் தொகை பெற விரும்புகிறார்.

வரைவை நான் எழுதினேன். செயலாளர் பத்தி பிரித்தார். எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். திருப்தி. கோப்பி சொல்லப் போகும் நேரத்தில் சாவிக்காரர் கேட்டார்:

"புரவலர் பேரு எங்க?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சந்தின் முனையில் துணிக்கடை வைத்திருந்தவர் எங்கள் புரவலர். சங்கத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலி பன்னிரண்டு கொடுத்தவர். அவர் பெயர் மேலே இல்லாமல் எங்கள் சந்திலிருந்து ஒரு தாள் வெளியே போனதில்லை. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் அறிவிப்பிலும் அவர், காணாமல் போன பூனைக்குட்டிக்கு ஒட்டிய அறிவிப்பிலும் அவர்.

"இது இலாகாவுக்குப் போற கடிதம்ணே" என்றேன். "அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையே. அவரு கடைக்குத் தனியா பேசிட்டாங்க."

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ, மரியாதை இருக்குல்ல?" என்றார் சாவிக்காரர். "நாளைக்கு அவரு கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா தம்பி?"

தாளின் தலையில் போடலாம் என்றார் கடலைக்காரர். செயலாளர் ஒப்பவில்லை. மேல் ஓரம் ஒன்றரை அங்குலம். அதில் பெயர் ஏறினால் தாள் நெற்றியில் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும். அடியில் போடலாமா? அடியில் போட்டால் புரவலருக்கு அவமானம். அப்படியானால் பட்டியலில் முதலாவதாகப் போட்டுவிடலாம், மெஷின்தான் நம்பரை மாற்றிக்கொள்ளுமே என்று முடிவானது. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. புரவலருக்குக் கீழே இறங்குவதில் யாருக்கும் வெட்கமும் இல்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் நான் வேலை செய்த இடத்திலிருந்து அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். பதினேழாவது மாடி. முதலாளிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டியலின் தலையில் போய் ஒரு விசையை அழுத்தினார். புரவலர் பெயர் ஏறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு படி இறங்கி நின்றார்கள். முணுமுணுப்பு இல்லை, முக்கால் மணி நேரச் சண்டை இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது என்றே சொல்லலாம். படித்ததற்கு இப்படியாவது ஒரு பலன் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு வரி கூடியதால், கடைசி வரியான 'தங்கள் உண்மையுள்ள' மட்டும் தனியாக இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது.

செயலாளர் முகம் மாறியது. "இப்படி ஒத்தை வரி அடுத்த பக்கம் போனா, பஸ்ஸை விட்டவன் மாதிரி நிக்கும். அனுப்ப முடியாது."

மிச்ச இடைவேளை முழுவதும் அந்த ஒரு வரியை மேலே இழுப்பதில் போனது. வலது ஓரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்; இடது ஓரத்தோடு ஒவ்வவில்லை. பத்திகளுக்கு இடையே இருந்த வெற்றிடத்தைக் குறைத்தார்; மூச்சு முட்டுகிறது என்று திரும்ப விட்டார். ஆறாவது பத்தி இரண்டு வார்த்தைக்காக இரண்டாவது வரிக்குப் போயிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன்.

"ஆண்ட்டி, வரிசை எண்தான் இருக்கே. குடை ரிப்பேர்காரர்ங்கிறதை எடுத்துட்டா ஒரு வரி மிச்சம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு பெருமையாக என்னை யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தபோது தலைமையாசிரியர்கூட அப்படிப் பார்க்கவில்லை. குடைக்காரரை எடுத்தார். 'தங்கள் உண்மையுள்ள' மேலே ஏறி வந்து உட்கார்ந்தது. ஒரே தாள். பிரிண்டர் தடதடவென்று அடித்துத் துப்பியது. நாலு ஓரமும் அளவாக, பட்டியல் ஒரு கோடு பிடித்து நிற்க, அப்படி ஒரு அழகான தாளை எங்கள் சந்து பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். குடைக்காரர் பார்க்காமலே போட்டார். அப்பாவின் கடைக்கு நான் வந்தபோது பெருமை தாங்காமல், அவருடைய அளவு நாடாவையே எடுத்து இடது ஓரத்தை அளந்து காட்டினேன். "பாருங்கப்பா, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவு."

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், நாடாவில் எண்தானே இருக்கிறது. தாளைத் தொடையில் வைத்து, விரலைப் பட்டியலின் மேல் ஓட்டினார்.

"நான் நாலாவதுன்னு சொன்ன. இங்க என் கை வெச்ச இடத்துல அஞ்சு இருக்கு."

"புரவலரைச் சேத்தோம்லப்பா. எல்லாரும் ஒரு படி இறங்கியாச்சு."

விரல் கீழே இறங்கியது. ஆறாவது பத்தியில் நின்றது.

"இங்கயும் ஒரு அஞ்சு இருக்கே. இது எந்த அஞ்சு?"

எனக்கு வெற்றிலைக்காரர் கையெழுத்தும் வாங்கவேண்டியிருந்தது. "அது வேற அஞ்சுப்பா" என்றேன். "நீங்க கைநாட்டு வைங்க."

வைத்தார்.

ஆறு வாரம் கழித்து இலாகாவிலிருந்து பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருந்ததோ அதை ஒரு எழுத்து மாறாமல் செய்திருந்தார்கள். பட்டியலில் பத்துப் பேர், விலகுபவர் ஒருவர், மிச்சம் ஒன்பது இடம். கணக்கு கச்சிதமாகப் பொருந்திப் போயிருந்தது. சந்தின் முனைக் கடைக்காரரும் அதே சந்துக்காரர்தானே, முகவரியும் சரி. முதலாம் எண் இடம், மாடிப்படிக்குப் பக்கத்தில் மூலைக் கடை, புரவலருக்கு. ஆறாம் எண் குடைக்காரருக்கு. வரிசை எண் ஐந்து, தாங்கள் கேட்டுக்கொண்டபடி, தொகை பெற்று விலகுகிறார்.

கூட்டத்துக்கு வராத இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து நாற்காலி விரித்த என் அப்பாவுக்கு ஒரு காசோலை வந்தது.

நான் வாசித்துச் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். "அப்போ அது வேற அஞ்சு இல்ல" என்றார். கையில் இருந்த கால்சட்டைக்குக் கீழ் மடிப்பு தைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் செயலாளர் அலுவலகத்திலிருந்து நேராக வந்தார். கணவர் போனில் சொல்லியிருக்க வேண்டும். பாவாடை சட்டையோடு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவின் கடை முன்னால் நின்றார்.

"ஒண்ணு" என்றார்.

காத்திருந்தோம். கடிகாரக்காரர் பூதக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பூக்கார அம்மா சரம் கட்டுவதை நிறுத்தினார். ஒன்றுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. அவருக்கு இரண்டு வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

"ஆண்ட்டி, குடைக்காரர் பேரை எடுக்கச் சொன்னது நான்" என்றேன்.

"எடுத்தது நான்."

அப்பா ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்கம்மா. தையல்னா பிரிச்சுத் தைக்கிறதுதான். எங்க பிரிக்கணும்னு பாருங்க."

பிரிக்க இரண்டு இடம் இருந்தது. முதலில் புரவலரிடம் போனோம். மிக நன்றாகப் பேசினார். தேநீர் கொடுத்தார். "நான் கேட்டேனா? நீங்களா மரியாதை பண்ணி என் பேரைப் போட்டீங்க. இப்போ வேண்டாம்னு சொன்னா உங்க மரியாதையை நான் தட்டிவிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். மூலைக் கடைக்கு அவருடைய மைத்துனர் அலமாரிக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

குடைக்காரரிடம் போனோம். அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார். "ஊருக்குப் போகணும்னுதான் இருந்தேன் தம்பி. ஆனா இப்போ கடுதாசியே வந்துருச்சு. கடை நம்பர் போட்டு, என் பேரு போட்டு, எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. இதைப் பாத்த பிறகு போக மனசு வரல."

செயலாளர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "ஓரம் ஒழுங்கா விடல" என்றார் முணுமுணுப்பாக.

நாலு ஞாயிறு பேசினோம். அப்பாவும் இடம் விட்டுக்கொடுப்பவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் மாற்றித் தரலாம் என்று இலாகாவில் சொன்னார்கள். கடைசியில் குடைக்காரர் ஒப்புக்கொண்டார். அப்பாவுக்கு வந்த காசோலைத் தொகை அப்படியே அவருக்கு. அது அவருக்கு வரவேண்டியதுதான், அதில் பேச்சில்லை. அதற்கு மேல், மனசு மாறிப் போவதற்கான செலவு எங்களுடையது. விமான டிக்கெட், கையை வீசிக்கொண்டு ஊரில் இறங்க முடியாது என்பதால் அதற்கான சாமான்களும்.

ஆறாம் எண் இடம் அப்பாவுக்கு வந்தது. பின் பக்கம், மத்தியானத்தில் வெளிச்சம் குறைவு. மெஷினை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த மாதக் கூட்டக் குறிப்பைச் செயலாளர் கையாலேயே எழுதிக் கொண்டுவந்தார். எண் இல்லை, தலைப்பு இல்லை, பத்தி பிரிக்கவில்லை, ஓரம்கூட விடவில்லை. தாளின் மேல் முனையில் தொடங்கிய வாக்கியம் கீழ் முனையில் போய் முட்டி நின்றது. வந்தவர் யார், வராதவர் யார், தேநீர் யார் செலவு என்று எதுவும் பிடிபடவில்லை. சாவிக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் பேசியது எங்கே இருக்கிறது என்று வெற்றிலைக்காரர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் கூட்டம் குழம்பி, போன தீபாவளி விளக்குச் சண்டை மறுபடியும் கிளம்பிவிட்டது.

"செக்ரட்டரியம்மா," என்றார் சாவிக்காரர் கடைசியில், "எனக்கு மட்டுமாவது ஒரு நம்பர் போட்டுடுங்க."

செயலாளர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை அசைத்தார். செக்ரட்டரியம்மா பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

புதுக் கட்டடம் திறந்த அன்று புரவலருக்கு மாலை போட்டோம். போடாமல் எப்படி? மூலைக் கடை முன்னால், ரிப்பன் வெட்டி, கைத்தட்டலோடு. மைத்துனர் எங்களுக்கு ஒரு பாக்கெட் மிட்டாய் கொடுத்தார்.

அது முடிந்ததும் செயலாளர் ஆறாம் எண் கடைக்கு வந்து ஒரு செலவுக் கணக்குத் தாளை நீட்டினார். மெஷினில் அடித்தது. ஐந்து வரி, வலது பக்கம் தொகைகள். வெள்ளியும் காசும் பிரியும் புள்ளி எல்லா வரியிலும் ஒரே நேர்கோட்டில். முழுவதையும் தானே கட்டுவதாகச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு தான், ஒரு பங்கு அவர், ஒரு பங்கு என் சம்பளத்தில் என்று பிரித்தார். புள்ளிக்கு நேராகப் பிரிக்க முடியாததால் மிச்சக் காசைக் கடிகாரக்காரர் போட்டார்.

அப்பா தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டினார். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் கேட்கக் கேட்க வாசித்தேன். ஒன்று, விமான டிக்கெட், எழுநூற்று எண்பது. இரண்டு, சேலை, தைலம், பால்மாவு டின், நூற்றுப் பன்னிரண்டு. மூன்று, விமான நிலையத்துக்கு டாக்சி, பதினாலு ஐம்பது. நாலு, கடித நகல், ஒன்று இருபது.

விரல் நின்றது.

"இந்த அஞ்சு எந்த அஞ்சு?"

இந்த முறை நான் தாளை நன்றாகப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை.

"புரவலருக்கு மாலைப்பா. பன்னிரண்டு வெள்ளி."

அப்பா சிரித்தார். சாக்கட்டியை எடுத்து மெஷின் பலகையில் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். செயலாளர் காத்திருந்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போயின: தொள்ளாயிரத்துப் பத்தொன்பது வெள்ளி எழுபது காசு.